ஒரு பிள்ளைக்கு 37 ரிங்கிட் 50 சென்

கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி, கிள்ளான் தடத்தில் கடைசி வரை போனால் 19வது நிலையம் பெலாபுவான் கிள்ளான். பிரிக்ஃபீல்ட்ஸில் தோசையை முடித்துக்கொண்டு ஏறுகிற சனிக்கிழமைக் கூட்டம் சுபாங் ஜெயாவில் பாதி, ஷா ஆலமில் கொஞ்சம், கிள்ளானில் மீதி என்று கரைந்துவிடும். ஜாலான் கஸ்தாம் தாண்டும்போது பெட்டியில் மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் பூலாவ் கெத்தாம் தீவுக்கு நண்டு சாப்பிடப் போகிறவர்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் படகுத்துறை பக்கம்தான். அந்தக் கரையில்தான் ராயல் சிலாங்கூர் யாட் கிளப்பின் பாய்மரங்கள் வரிசையாக நிற்கின்றன.

நான் போன நேரம் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. துறையோரம் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த இளைஞர் தமிழர். "தம்பி, சின்னப் பிள்ளைங்க இங்க படகு பழகுவாங்களா?" என்று கேட்டேன்.

"இப்ப இறக்கினா திரும்பி வர ராத்திரி ஆயிரும் ஐயா. தண்ணி நின்னாதான் பிள்ளைங்களுக்கு."

அவர் சொன்னதை எண்ணில் எழுதினால் இப்படி வரும். கிள்ளான் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம். அத்தனை தண்ணீரும் ஆறு மணி நேரத்தில் உள்ளே வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியே போகவேண்டும். நீரோட்டம் 2, 3 நோட் வேகத்துக்குப் போய்விடும். ஒரு நோட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். எட்டு வயதுப் பிள்ளை முதலில் ஏறுகிற ஆப்டிமிஸ்ட் படகு, மலாக்கா நீரிணையின் மெல்லிய காற்றில் போகிற வேகமும் ஏறத்தாழ அதே 2, 3 நோட்தான். எதிர்நீரில் வரவும் செலவும் சமம், கையிருப்பு பூஜ்யம். பிள்ளை பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும்.

பாய்மரப் படகோட்டத்துக்கு இந்த நாட்டில் ஒரு தேசிய அமைப்பு உண்டு: மலேசியப் பாய்மரப் படகோட்டச் சங்கம். பூப்பந்துக்கும் காற்பந்துக்கும் உள்ள சங்கங்கள் என்ன செய்கின்றன என்று நம் வீட்டுத் திண்ணையில்கூட விவாதம் நடக்கும். படகோட்டச் சங்கம் என்ன செய்கிறது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் விழிப்பார்கள். நானும் அந்த ஒன்பதில் ஒருவனாகத்தான் இருந்தேன். அதனால் ஒரு கணக்குப் புத்தகம் வாங்கி எழுத ஆரம்பித்தேன்.

முதல் பதிவு, மூன்று எழுத்து: எம், ஏ, எஸ். உலகப் போட்டிகளில் நம் நாட்டுப் படகின் பாயில் இந்த மூன்று எழுத்தும், அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கவேண்டும். 'மாஸ்' என்றால் நமக்கு விமானம் ஞாபகம் வரும், மலாய்க்காரருக்குத் தங்கம் ஞாபகம் வரும்; படகுக்காரருக்கு அது பாயில் ஒட்டுகிற துணி எழுத்து. இந்தியாவுக்கு ஐ.என்.டி., சிங்கப்பூருக்கு எஸ்.ஜி.பி. இந்த எழுத்துகளை ஒதுக்குவது உலக அமைப்பு. அது 1907இல் பாரிஸில் தொடங்கியது. 1996இல் ஒருமுறை பெயர் மாறி, 2015இல் 'வேர்ல்ட் செயிலிங்' ஆனது. 140க்கும் மேற்பட்ட நாடுகளின் சங்கங்கள் அதில் உறுப்பினர்கள். ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம்தான் என்பது விதி. அந்தச் சங்கத்தின் குடைக்குள் இல்லாதவர் எவ்வளவு வேகமாகப் படகு ஓட்டினாலும் அவருக்கு நாடு இல்லை.

உள்நாட்டுச் சட்டமும் அதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம், சட்ட எண் 576, 1998 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. எந்த விளையாட்டு அமைப்பும் விளையாட்டு ஆணையரிடம் பதிந்துகொள்ளவேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறந்த தேசிய விளையாட்டு மன்றம் பயிற்சிப் பணத்தைப் பார்த்துக்கொள்கிறது. 1953இல் உருவான ஒலிம்பிக் மன்றம் ஆள் அனுப்புகிறது. நடுவில் நிற்கும் சங்கத்துக்குச் சொந்தக் கடல் இல்லை, சொந்தப் பணமும் பெரிதாக இராது. அதனிடம் இருப்பது முத்திரை மட்டும்.

முத்திரை மட்டும்தானா என்று இளக்காரமாக எடுத்துக்கொள்ளவேண்டாம். பந்தயத்தில் இரண்டு படகு உரசிக்கொண்டால் நடுவர் விசில் ஊதி வந்து நிற்கமாட்டார். உரசப்பட்டவர் "புரொட்டஸ்ட்!" என்று அங்கேயே கத்தவேண்டும். படகு 6 மீட்டரோ அதற்கு மேலோ நீளமென்றால் சிவப்புக் கொடியும் காட்டவேண்டும், ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர்தான், கத்தினால் போதும். பிறகு கரைக்கு வந்து, குறித்த நேரத்துக்குள் எழுதிக் கொடுத்து, விசாரணை மேசையில் உட்கார்ந்து, 11 வயதுப் பிள்ளை சின்னச் சின்னப் பொம்மைப் படகுகளை நகர்த்திக் காட்டி "நான் வலக்கைக் காற்றில் வந்தேன், வழி எனக்கு" என்று வாதாடவேண்டும். தீர்ப்பு தவறென்று தோன்றினால், எழுத்துமூலமான தீர்ப்பு கைக்கு வந்த 15 நாளுக்குள் மேல்முறையீடு. அந்த மேல்முறையீடு போகிற இடம் தேசிய சங்கம். பன்னாட்டு நடுவர் குழு இருந்த போட்டி என்றால் அந்த வழி கிடையாது. விதிப்புத்தகம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறும். இப்போது நடப்பில் இருப்பது 2025 முதல் 2028 வரையிலான பதிப்பு. அதில் சில இடங்களில் தன் நாட்டுக்குத் தக்க மாற்றம் எழுதிச் சேர்க்கும் உரிமையும் தேசிய சங்கத்துக்கு உண்டு.

பந்தயம் தொடங்குவதற்கும் ஆள் வேண்டும். 5 நிமிடத்துக்கு முன் ஒரு கொடி, 4 நிமிடத்துக்கு முன் இன்னொன்று, 1 நிமிடத்தில் ஒன்று இறங்கும், பூஜ்யத்தில் தொடக்கம். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலி. கேட்க எளிது. அந்தக் கொடிக் கம்பத்துக்கும் மிதவைக்கும் நடுவே போடும் கற்பனைக் கோடு காற்றுக்குக் குறுக்காக நேராக இருக்கவேண்டும். காற்று பத்துப் பாகை திரும்பினால் கோட்டையும் திருப்பவேண்டும். நீரிணையில் காற்று அரை மணிக்கொருமுறை மனம் மாறும். இதைப் பழகிய பந்தய அதிகாரிக்குச் சான்றிதழ் தருவதும் இந்தச் சங்கம் போன்ற அமைப்புகளே.

இனி பணம். ரகத்தையும் கடையையும் பொறுத்து விலை ஏறும் இறங்கும். நான் சுமார் கணக்கு போடுகிறேன். பந்தயத்துக்கு ஏற்ற புதிய ஆப்டிமிஸ்ட் 4,000 யூரோ, யூரோவுக்கு 5 ரிங்கிட் என்று வைத்தால் 20,000. அடுத்த படி இல்கா, பழைய பெயர் லேசர், 4.2 மீட்டர் நீளம். 7,000 யூரோ என்று வைத்தால் 35,000 ரிங்கிட். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஆக ஒரு ஆப்டிமிஸ்ட் என்பது ஏறத்தாழ 12 மாதச் சம்பளம். ஒரு இல்கா 20 மாதத்துக்கும் மேல். பண்டமாரானில் இரண்டு பிள்ளை வைத்திருக்கும் லாரி ஓட்டுநருக்கு இது கணக்கே இல்லை; கணக்குப் புத்தகத்தை மூடவேண்டிய இடம்.

நானும் மூடத்தான் பார்த்தேன். அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. படகைப் பிள்ளை வாங்கவேண்டும் என்று யார் சொன்னது? வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து இறைக்கிற ஊர்க்காரர்கள் நாம். படகையும் முறை வைத்து ஓட்டினால் என்ன ஆகும்?

ஒரு ஆப்டிமிஸ்ட் 20,000 ரிங்கிட், ஐந்து ஆண்டு உழைக்கும் என்று வையுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 40 வாரம், நாளொன்றுக்கு நான்கு பிள்ளைகள் மாறி மாறி ஏறினால், ஐந்து ஆண்டில் 1,600 முறை. ஒரு பிள்ளை ஒரு முறை ஏறுவதற்குப் படகுச் செலவு 12 ரிங்கிட் 50 சென். சினிமா டிக்கெட்டை விடக் குறைவு.

அப்படியென்றால் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? ஆளில். பிரிட்டனில் 1875இல் தொடங்கிய தேசிய அமைப்பான ராயல் யாட்டிங் அசோசியேஷன், ஒற்றையாள் படகு என்றால் ஒரு பயிற்றுநருக்கு ஆறு படகுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம். ஆறு படகு, நாலு முறை, நாளுக்கு 24 பிள்ளைகள். பயிற்றுநருக்கு நாள் கூலி 300, மீட்புப் படகு ஓட்டுபவருக்கு 150, எண்ணெய்க்கு 150 என்று என் கையிலிருந்தே போடுகிறேன். மொத்தம் 600, தலைக்கு 25 ரிங்கிட். படகின் 12.50ஐச் சேர்த்தால் 37 ரிங்கிட் 50 சென். இதில் மூன்றில் இரண்டு பங்கு ஆளுக்கும் எண்ணெய்க்கும் போகிறது. இட வாடகை, காப்புறுதி, மிதவைச் சட்டை இதில் சேரவில்லை. சேர்த்தாலும் படகு விலையைப் போல மலைக்க வைக்காது.

இங்கேதான் என் கருத்து திரும்பியது. தேசிய சங்கம் எத்தனை பதக்கம் வாங்கியது என்று கேட்கிறோம். எத்தனை பயிற்றுநரை உருவாக்கியது என்று கேட்பதில்லை. படகைப் பணம் உள்ள யாரும் வாங்கித் தரலாம். சான்றிதழ் பெற்ற பயிற்றுநரைக் கடையில் வாங்க முடியாது. அவரை உருவாக்கித் தரக்கூடிய ஒரே கை, அந்த முத்திரை வைத்திருக்கும் கை.

பதக்கக் கணக்கு மோசமில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நூர் ஷஸ்ரின் முகமட் லத்திப் ரியோ, தோக்கியோ, பாரிஸ் என மூன்று ஒலிம்பிக் கண்டவர். 2022க்கென்று பெயர் வைத்து 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இல்கா 6 பிரிவில் தங்கம் வென்றார். ஆண்கள் பிரிவில் கைருல்நிஸாம் அஃபெண்டி லண்டனிலிருந்து பாரிஸ் வரை நான்கு ஒலிம்பிக். ஒலிம்பிக் இடம் ஆளின் பெயரில் வருவதில்லை, நாட்டின் பெயரில் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. அந்த இடத்தைப் பெற்றபின் யாரை அனுப்புவது என்பது உள்நாட்டு முடிவு. பாரிஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்துக்கு மொத்தம் 330 வீரர்கள், 10 போட்டிகள். இல்காவில் பிரிவுக்கு 43 படகு. முதலில் வந்தவருக்கு 1 புள்ளி, இரண்டாமவருக்கு 2; குறைவாக வாங்கியவரே வெற்றியாளர். கடைசிப் பந்தயத்தில் முதல் 10 பேர் மட்டும் ஓடுவார்கள், புள்ளி இரட்டிப்பு. சீட்டுக் கட்டுக்குப் பழகிய நம் ஆட்களுக்கு இது சட்டெனப் புரியும்.

ஆனால் தேசியப் பயிற்சி நடப்பது லங்காவியில். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். சங்கங்களும் அமைச்சும் மன்றமும் இருப்பது கிள்ளான் பள்ளத்தாக்கில், தண்ணீரோ வடகோடியில். 2017 சீ விளையாட்டுப் போட்டியைக் கோலாலம்பூர் நடத்தியபோதும் படகோட்டம் லங்காவிக்குத்தான் போனது. அங்கே காற்று நன்றாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. அதே லங்காவியில் 2015 டிசம்பர் கடைசியில் தொடங்கிய உலக இளையோர் போட்டி, தேசிய சங்கத்தின் முத்திரை எங்கே முடிகிறது என்பதையும் காட்டியது. விசா, கொடி பற்றிய நிபந்தனைகள் காரணமாக இஸ்ரேலின் காற்றுப்பலகை வீரர்கள் இருவர் வரவில்லை. விசாரித்த வேர்ல்ட் செயிலிங், இனிமேல் போட்டி நடத்துகிறவர் எல்லா நாட்டவரையும் சமமாக ஏற்கும் உறுதி தரவேண்டும் என்று கண்டித்துச் சொன்னது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது விளையாட்டு அமைப்பு. விசா முத்திரை குத்தும் கை வேறு.

இந்தப் பக்கத்துக் கடலுக்கும் வரலாறு உண்டு. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று திறந்து, 1972இல் போர்ட் கிள்ளான் ஆன துறை இது. 5,000க்கு மேல் பயணிகளை ஏற்றிய 'ரஜூலா' கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து ஆள் கொண்டுவந்து இறக்கிய கரைகளில் ஒன்று. நம் தாத்தாக்கள் கடல் தாண்டி வந்தார்கள்; இறங்கியதும் ரப்பர் காட்டுக்குள் போனார்கள். கடலைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. யாட் கிளப் 1969இல் வந்தது, 1989இல் 'ராயல்' பட்டம். அப்போது ராஜா மூடாவாக இருந்து, பிறகு 'ஜுக்ரா' என்ற பாய்மரக் கலத்தில் உலகைச் சுற்றிய இன்றைய சிலாங்கூர் சுல்தானின் பெயரில் 1990 முதல் நவம்பரில் பந்தயம்: கிள்ளானிலிருந்து பங்கோர், பங்கோரிலிருந்து பினாங்கு, அங்கிருந்து லங்காவி. சுமார் 200 கடல் மைல், 370 கிலோமீட்டர். முதல் ஓட்டம் மட்டும் 90 கடல் மைல். இரவில் மீன்வலைக்கும் சரக்குக் கப்பலுக்கும் நடுவே புகுந்து போகவேண்டும். இது பெரிய படகுகளின், பெரிய பணத்தின் உலகம். இங்கே மாலுமியாக ஏறக் கற்ற ஆள் தேவைப்படும் என்பது மட்டும் நம் கணக்கில் வரவு.

தமிழர் இதைச் செய்ததே இல்லையா என்றால், சென்னையைப் பாருங்கள். தோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்தியா நான்கு பாய்மரப் படகோட்டிகளை அனுப்பியது. அதில் நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தாக்கர் மூவரும் சென்னைக்காரர்கள். நாலாமவர் விஷ்ணு சரவணன், வேலூரில் பிறந்த ராணுவ வீரர். நேத்ரா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் படகோட்டி. தோக்கியோவில் 44 படகில் 35வது வந்தவர், பாரிஸில் 43இல் 21வது. விஷ்ணு 20இலிருந்து 18க்கு ஏறினார். ஒரு நாட்டுக் குழுவில் நாலில் மூவர் ஒரே ஊரிலிருந்து போனது எப்படி? மெட்ராஸில் 1911 முதல் யாட் கிளப் இருக்கிறது. பிற்பாடு தமிழ்நாடு செயிலிங் அசோசியேஷன் சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே பிள்ளைகளுக்குப் படகு பழக்கியது. நேத்ரா அங்கே பழகியவர். ஊருக்குள் தண்ணீர், தண்ணீரில் படகு, படகுக்குப் பக்கத்தில் ஒரு பயிற்றுநர். இந்த மூன்றும் ஒரே பேருந்துத் தொலைவில் இருந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த மூன்றில் இரண்டு இருக்கிறது. ஓதம் தடுத்தால் புத்ராஜெயா ஏரி, சுமார் 400 ஹெக்டேர், நீரோட்டம் இல்லாத தண்ணீர், கே.எல். சென்ட்ரலிலிருந்து ரயிலில் 20 நிமிடம். படகை வாங்கிவிடலாம் என்று மேலே பார்த்தோம். இல்லாதது பயிற்றுநர். அதுவும் தமிழில் "பாயைத் தளர விடு கண்ணு" என்று சொல்லக்கூடிய பயிற்றுநர்.

கடைசிக் கூட்டலைப் போட்டுவிடுகிறேன். ஒரு நாளுக்கு 24 பிள்ளைகள், 900 ரிங்கிட். ஆண்டுக்கு 80 நாள், 72,000 ரிங்கிட். அதில் 1,920 முறை ஒரு பிள்ளை சுக்கானைப் பிடிக்கும். தலைக்குப் பத்து முறை என்றால் 192 பிள்ளைகள். ஆசிய விளையாட்டில் ஒரு தங்கத்துக்கு அரசு தரும் பரிசு 80,000 ரிங்கிட். வென்றவர் கையில் அந்தப் பணம் போவது நியாயம். ஒரு வெள்ளிகூடக் குறைக்கச் சொல்லவில்லை. அதே அளவு பணத்தை இன்னும் வெல்லாத 192 பேருக்கும் ஒதுக்குங்கள் என்று தேசிய சங்கத்திடமும் அமைச்சிடமும் கேட்கலாம்.

அதற்குமுன் நம்மிடமும் கேட்கவேண்டியிருக்கிறது. பத்துப் பேர் மேசையை ஆயிரம் ரிங்கிட்டுக்கு விற்கும் ஆண்டு விருந்துகள் நம் சங்கங்களில் குறைவில்லை. கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ இருக்கும் ஏதாவது ஒரு சங்கம், இந்த ஆண்டு கோப்பையோ படகோ வாங்கித் தரவேண்டாம். நீந்தத் தெரிந்த, பிள்ளைகளிடம் பொறுமை உள்ள இருபது வயதுக்காரர்கள் இரண்டு பேரைப் பிடித்து, தேசிய சங்கத்தின் பயிற்றுநர் வகுப்புக்குக் கட்டணம் கட்டி அனுப்புங்கள். துறையில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த அந்தத் தம்பிக்கு ஓத நேரம் மனப்பாடம். அவரிடமிருந்தே தொடங்கலாம்.